பத்தாம் வகுப்புக்கு அப்புறம் எந்த ஊர்? கிராமத்துப் பள்ளி மறுசீரமைப்பைப் புரிந்துகொள்ள ஒரு பாடம்

மே மாதம். பத்தாம் வகுப்பு ரிசல்ட் மொபைலுக்கு வந்தாச்சு. மகள் பாஸ். வீட்டில் சந்தோஷம்தான். ஆனாலும் மறுநாள் காலையிலேயே அம்மா தலைமையாசிரியரைப் பார்க்க வந்து நிற்கிறார்.

"சார், பாப்பா பாஸாயிடுச்சு. ஆனா பிளஸ் ஒன்னுக்கு அவ்ளோ தூரம் பஸ்ல தனியா அனுப்ப அவங்க அப்பா யோசிக்கிறாரு. ஒரு வருஷம் வீட்டுல இருக்கட்டும்னு சொல்றாரு."

"ஒரு வருஷம்னு சொல்லித்தாம்மா எல்லாரும் நிறுத்துறாங்க. அந்த ஒரு வருஷம் அப்புறம் முடியறதே இல்ல."

இந்த உரையாடல் ஏதோ ஓர் ஊரில் மட்டும் நடப்பதல்ல. உயர்நிலைப் பள்ளி வரைக்கும் உள்ளூரில் இருந்து, மேல்நிலைக்கு வெளியூர் போக வேண்டிய எல்லா ஊரிலும் கேட்கலாம். "எங்க ஊருக்கும் பிளஸ் டூ வேணும்" என்று கேட்கிறோம். அதே சமயம் பக்கத்துக் குக்கிராமத்தில் பிள்ளைகள் குறைந்துபோன தொடக்கப் பள்ளியை என்ன செய்வது என்ற பேச்சும் நடக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் பள்ளிகளை மறுசீரமைத்தல் என்கிறோம். இந்த முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன, அதில் பொதுமக்களுக்கு என்ன பங்கு, கையில் இருக்கும் மொபைலை வைத்து என்ன செய்யலாம் என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

1. முதலில் படிக்கட்டைத் தெரிந்துகொள்வோம்

நம் மாநிலத்தில் பள்ளிகள் நான்கு நிலைகளில் உள்ளன. 1 முதல் 5 வரை தொடக்கப் பள்ளி. 8 வரை இருந்தால் நடுநிலைப் பள்ளி. 10 வரை உயர்நிலைப் பள்ளி. 12 வரை மேல்நிலைப் பள்ளி. ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குக் கொண்டு போவதற்குப் பெயர் தரம் உயர்த்துதல்.

பிளஸ் டூ என்பது பள்ளிக்கூடத்துக்குள் வந்ததே 1978-ல்தான். கோத்தாரி கல்விக் குழு (1964-66) பரிந்துரைத்த 10+2+3 முறையை ஒட்டி அந்த ஆண்டு மேல்நிலைக் கல்வி தொடங்கியது. முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு 1980-ல் நடந்தது. அதற்கு முன்னால் பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர் பி.யு.சி. படிக்கக் கல்லூரிக்குத்தான் போயாக வேண்டும். கல்லூரி இருந்ததோ நகரத்தில். உங்கள் வீட்டுத் தாத்தாவைக் கேட்டுப் பாருங்கள். "பி.யு.சி.க்கு டவுன்ல ரூம் எடுத்துத் தங்கினோம்" என்பார், அல்லது "வசதி இல்ல, அதோட நின்னுட்டேன்" என்பார்.

ஆகவே பிளஸ் டூ பள்ளிக்குள் வந்ததே, அந்தப் படிப்பு கிராமத்துக்கு ஓரடி நெருங்கி வந்த மாற்றம்தான். மீதித் தூரத்தை எப்படிக் குறைப்பது என்பதுதான் இன்றைய கேள்வி.

2. சட்டம் எதுவரைக்கும் வரும்?

பலர் குழம்பும் இடம் இது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அது 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. அதாவது எட்டாம் வகுப்பு வரை.

அந்தச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் 1 முதல் 5 வரை படிக்கும் பிள்ளைக்கு 1 கிலோமீட்டருக்குள்ளும், 6 முதல் 8 வரை படிப்பவருக்கு 3 கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும் என்பது அளவு. வழியில் வெள்ளம், நிலச்சரிவு போன்ற ஆபத்து இருந்தால் இந்தத் தூரத்தை இன்னும் குறைத்துப் பார்க்க வேண்டும் என்கிறது மத்திய அரசின் மாதிரி விதி. பள்ளியே இல்லாத சின்னக் குக்கிராமம் என்றால் இலவசப் போக்குவரத்து, தங்கும் வசதி போன்ற மாற்று ஏற்பாடு செய்யவேண்டும் என்றும் சொல்கிறது.

ஒன்பதாம் வகுப்பிலிருந்து நிலைமை வேறு. அங்கே இருப்பது சட்ட உரிமை அல்ல, திட்ட அளவுகோல். 2009-ல் தொடங்கிய அனைவருக்கும் இடைநிலைக் கல்வித் திட்டம் உயர்நிலைப் பள்ளிக்கு 5 கிலோமீட்டர், மேல்நிலைப் பள்ளிக்கு 7 முதல் 10 கிலோமீட்டர் என்று ஒரு அளவை வைத்தது. 2018-ல் அந்தத் திட்டம் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துக்குள் சேர்க்கப்பட்டது.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? தொடக்கப் பள்ளி விஷயத்தில் "இது எங்கள் பிள்ளைகளின் சட்ட உரிமை" என்று மனுவில் எழுதலாம். மேல்நிலைப் பள்ளி விஷயத்தில் "எங்கள் ஊருக்குத் தேவை இருக்கிறது, இதோ கணக்கு" என்று காட்ட வேண்டும். இரண்டுக்கும் ஒரே மாதிரி மனு எழுதினால் பலன் இருக்காது.

3. மறுசீரமைப்பு என்றால் என்னென்ன நடக்கும்?

நான்கு வகை.

தரம் உயர்த்துதல்: உயர்நிலைப் பள்ளியை மேல்நிலையாக்குவது. பத்தாம் வகுப்பில் போதிய மாணவர்கள், வகுப்பறைக்கும் ஆய்வகத்துக்கும் இடம், பக்கத்து மேல்நிலைப் பள்ளி எவ்வளவு தூரம் என்பதையெல்லாம் பார்ப்பார்கள். ஊர்மக்கள் பங்களிப்புத் தொகை கட்டும் நடைமுறையும் இருந்து வந்திருக்கிறது. இப்போதைய விதி என்ன என்று மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கேட்டுக்கொண்ட பிறகே ஊரில் வசூலில் இறங்குங்கள். ரசீது இல்லாமல் யார் கையிலும் பணம் கொடுக்க வேண்டாம்.

பாடப்பிரிவு சேர்த்தல்: ஏற்கெனவே இருக்கும் மேல்நிலைப் பள்ளியில் புதிதாக ஒரு குரூப் தொடங்குவது. வணிகவியல் மட்டும் இருந்த பள்ளியில் அறிவியல் குரூப் வருவது போல.

இணைத்தல்: பிள்ளைகள் மிகக் குறைந்த பள்ளியைப் பக்கத்துப் பள்ளியோடு சேர்ப்பது.

வேறு பயன்பாட்டுக்கு மாற்றுதல்: சேர்க்கையே இல்லாத சில தொடக்கப் பள்ளிகளைத் தற்காலிகமாக நூலகங்களாக மாற்றும் முடிவு 2019-ல் எடுக்கப்பட்டது ஓர் உதாரணம்.

4. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இது பாடத்துக்காக நாமே வைத்துக்கொள்ளும் கணக்கு. உங்கள் ஊருக்கு எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

நம்ம ஊர் உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பில் 34 பேர். ஒன்பதில் 31, எட்டில் 26. பதினோரு கிலோமீட்டரில் ஒரு மேல்நிலைப் பள்ளி. அங்கே பதினோராம் வகுப்பில் 110 பேர். அதில் நம்ம ஊர்ப் பிள்ளைகள் 24 பேர், பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் 11 பேர்.

நம்ம பள்ளியைத் தரம் உயர்த்தினால் என்ன ஆகும்? இந்த 24 பேரும் 11 பேரும் இங்கேயே சேரலாம். 35 பேர். நல்லதுதான். ஆனால் எல்லாரும் ஒரே குரூப் கேட்கமாட்டார்கள். அறிவியல் 20, வணிகவியல் 15 என்று பிரியலாம். தமிழ், ஆங்கிலத்தோடு இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் நடத்தவே ஆறு பாடத்துக்கு ஆசிரியர் வேண்டும். வணிகவியல் குரூப்புக்குக் கணக்குப்பதிவியல், வணிகவியல், பொருளியல் என்று மேலும் ஆட்கள் வேண்டும். இதில் வேதியியல் ஆசிரியர் இடம் ஒரு வருஷம் காலியாக இருந்தால் அந்த 20 பேரின் நீட் கனவும் இன்ஜினியரிங் கனவும் அந்த ஒரு காலியிடத்தில் மாட்டிக்கொள்ளும்.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். 35 பேர் இங்கே வந்துவிட்டால் அந்தப் பெரிய பள்ளியில் 110 என்பது 75 ஆகிவிடும். அங்கே சின்னதாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு குரூப் நின்றுபோகலாம். அந்த ஊர்ப் பிள்ளைகளும் நம் பிள்ளைகள்தானே.

மூன்றாவதாக, கீழ் வகுப்பு எண்ணிக்கையைக் கவனியுங்கள். 34, 31, 26. குறைந்துகொண்டே வருகிறது. இரண்டு வருஷம் கழித்துப் பதினோராம் வகுப்புக்கு எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று அதிகாரி கேட்பார். அந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இருக்க வேண்டும்.

அப்படியானால் தரம் உயர்த்தக் கேட்பது தப்பா? இல்லவே இல்லை. ஆனால் தரம் உயர்த்துவது மட்டும்தான் ஒரே வழி என்று நினைத்துவிடக் கூடாது. நேரத்துக்கு ஒரு பஸ், பெரிய பள்ளியில் கூடுதல் குரூப், விடுதியில் இடம் ஆகிய மூன்றில் ஒன்று கிடைத்தாலே சில ஊர்களில் பிரச்சினை தீர்ந்துவிடும். சில ஊர்களில் எதுவும் போதாது, பள்ளியேதான் வேண்டும். உங்கள் ஊர் எந்த வகை என்று கணக்குப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

5. தூரத்தை நேரத்தால் அளந்து பாருங்கள்

பதினோரு கிலோமீட்டர் என்று எழுதினால் காகிதத்தில் சின்னதாகத் தெரியும். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "காலை 7.20-க்கு ஒரே பஸ். அதை விட்டால் 9.40. சாயங்காலம் 4.45-க்கு ஒரு பஸ். ஸ்பெஷல் கிளாஸ் முடியறது 5.30. அடுத்த பஸ் 6.40. மெயின் ரோட்டில் இறங்கி வீட்டுக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் நடை, வழியில் தெருவிளக்கு இல்லை."

இப்போதுதான் அந்த அப்பா ஏன் யோசிக்கிறார் என்று புரிகிறது. பெண் பிள்ளையின் படிப்பு நிற்பது பெரும்பாலும் இந்த மாதிரி ஒரு பஸ் நேரத்தில்தான். பஸ் பாஸ் இலவசம். பதினோராம் வகுப்பில் விலையில்லா சைக்கிளும் வருகிறது. ஆனால் 6.40 பஸ்ஸை 5.45 ஆக்குவது பஸ் பாஸால் ஆகாது. அதற்குத் தனியாக மனு போட வேண்டும்.

6. அவசரப்பட்டு தனியார் பள்ளி: இழப்பது என்ன?

"உள்ளூரில் பிளஸ் ஒன் இல்லை, வேன் வருகிறது, தனியார் பள்ளியில் போட்டுவிடலாம்" என்று பலர் முடிவெடுக்கிறார்கள். அது குடும்பத்தின் உரிமை. ஆனால் முடிவெடுக்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்.

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் இடஒதுக்கீடு 2020-ல் வந்தது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் விரிந்தது. இதற்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் (2022), ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டமும் (2024) 6 முதல் 12 வரை எங்கே படித்தார்கள் என்பதைத்தான் பார்க்கின்றன. இவற்றில் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள்.

ஐந்து வருஷம் அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கடைசி இரண்டு வருஷம் மாறினால் இந்த வாய்ப்புகள் கைவிட்டுப் போகும். பக்கத்தில் மேல்நிலைப் பள்ளி இல்லாததற்கு ஒரு பிள்ளை கொடுக்கும் விலை இவ்வளவு பெரியது. உங்கள் மனுவில் இந்த வரியும் இடம்பெறட்டும்.

7. வெளிநாட்டில் எப்படிச் செய்கிறார்கள்? ஒரு பார்வை

பிரிட்டனில் உள்ள வேல்ஸ் பகுதியிலும் மலைக்கிராமங்கள், சின்னப் பள்ளிகள், குறையும் சேர்க்கை என்று இதே பிரச்சினைதான். நம் பிளஸ் ஒன், பிளஸ் டூவை அங்கே 'சிக்ஸ்த் ஃபார்ம்' என்பார்கள். 2018-ல் வந்த அவர்களுடைய பள்ளி அமைப்பு விதித்தொகுப்பு, கிராமப் பள்ளியை மூடக்கூடாது என்ற நிலையிலிருந்துதான் பேச்சைத் தொடங்க வேண்டும் என்கிறது. மூடியே ஆகவேண்டும் என்றால் மற்ற வழிகளையெல்லாம் ஆராய்ந்ததாகக் காட்ட வேண்டும். பெற்றோரிடம் கருத்துக் கேட்க 42 நாளாவது தர வேண்டும், அதில் 20 நாளாவது பள்ளி நடக்கும் நாளாக இருக்க வேண்டும். அதாவது கோடை விடுமுறையில் சத்தமில்லாமல் கேட்டு முடிக்க முடியாது. முன்மொழிவை முறைப்படி அறிவித்த பிறகும் ஆட்சேபம் சொல்ல 28 நாள் உண்டு.

நம் விதிகள் வேறு, நம் நிலைமை வேறு. ஆனால் ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம். முடிவுக்கு முன்னால் பேசுகிறவர் குரலுக்குத்தான் மதிப்பு அதிகம். நமக்கு அதற்கான இடங்கள் இரண்டு: பள்ளி மேலாண்மைக் குழுவும் கிராம சபையும்.

8. நீங்கள் செய்ய வேண்டியவை: படிப்படியாக

படி ஒன்று, பள்ளியின் குறியீட்டு எண். ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க யுடைஸ் எண் உண்டு. நம் மாநிலப் பள்ளி என்றால் 33-ல் தொடங்கும். யுடைஸ் பிளஸ் இணையதளத்தில் 'உங்கள் பள்ளியை அறியுங்கள்' பகுதியில் பள்ளியைத் தேடுங்கள். எந்த வகுப்பு முதல் எந்த வகுப்பு வரை, என்ன வசதிகள் என்பது தெரியும். சுற்றியுள்ள நான்கைந்து பள்ளிகளையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி இரண்டு, மேப். கூகுள் மேப்பில் உங்கள் தெருவிலிருந்து மேல்நிலைப் பள்ளிக்குச் சாலைவழித் தூரத்தைப் பார்த்து ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். நேர்கோட்டுத் தூரம் வேறு, ஆற்றைச் சுற்றிப் போகும் தூரம் வேறு. மழைக்காலத்தில் தரைப்பாலம் மூழ்கும் என்றால் அப்போது எடுத்த போட்டோவையும் தேதியோடு வையுங்கள்.

படி மூன்று, பிள்ளைகள் பட்டியல். கடந்த மூன்று வருஷத்தில் பத்து முடித்தவர்கள் எத்தனை பேர், பிளஸ் ஒன் சேர்ந்தவர், ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் போனவர், நின்றுவிட்டவர் எத்தனை பேர் என்று எழுதுங்கள். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். பிள்ளைகளின் பெயரையும் போன் நம்பரையும் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.

படி நான்கு, பள்ளி மேலாண்மைக் குழு. இந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். கூட்டத்தில் விஷயத்தை வைத்துத் தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். வாய்ப் பேச்சு காற்றோடு போகும். தீர்மானப் புத்தகத்தில் ஏறினால்தான் பேசும்.

படி ஐந்து, கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் நடக்கிறது. மே 1 கூட்டம் பள்ளிச் சேர்க்கைக்கு முன்னால் வருவதால் அதைத் தவறவிடாதீர்கள். பக்கத்து ஊராட்சியும் இதே தீர்மானம் போட்டால் இரட்டை பலம்.

படி ஆறு, மனு. தொடக்க, நடுநிலைப் பள்ளி என்றால் வட்டாரக் கல்வி அலுவலர் வழியாக. உயர்நிலை, மேல்நிலை என்றால் மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலருக்கு. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியரிடம் ஒரு நகல். முதல்வரின் முகவரி உதவி எண் 1100-லும் பதியலாம். மனு எண் வரும். அதை போட்டோ எடுத்து வையுங்கள். பஸ் நேரத்துக்குப் போக்குவரத்துக் கழகக் கிளைக்குத் தனி மனு. இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் இரண்டுமே தேங்கிவிடும்.

படி ஏழு, தகவல் கேட்பது. மேல்நிலைப் பள்ளியில் அனுமதிக்கப்பட்ட முதுகலை ஆசிரியர் பணியிடம் எத்தனை, காலி எத்தனை, உங்கள் பள்ளியைத் தரம் உயர்த்தக் கருத்துரு அனுப்பப்பட்டுள்ளதா என்று தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு உண்டு.

9. மனுவில் என்ன எழுதுவது?

ஒரே பக்கம் போதும். இப்படித் தொடங்கலாம்:

"ஐயா/அம்மா, எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கடந்த மூன்று ஆண்டுகளில் பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் ___ பேர். இவர்களில் மேல்நிலைக் கல்வியில் சேராதவர்கள் ___ பேர், அதில் மாணவிகள் ___ பேர். அருகிலுள்ள அரசு மேல்நிலைப் பள்ளி ___ கி.மீ. தொலைவில் உள்ளது. மாலை வகுப்பு முடிந்து மாணவிகள் வீடு திரும்பும் நேரம் ___ மணி. எனவே எங்கள் பள்ளியைத் தரம் உயர்த்தவும், அதுவரை பேருந்து நேரத்தை மாற்றித் தரவும் கேட்டுக்கொள்கிறோம். பள்ளி மேலாண்மைக் குழு, கிராம சபைத் தீர்மான நகல்கள் இணைப்பு."

"அதுவரை" என்ற சொல்லைக் கவனித்தீர்களா? பள்ளி வர வருஷங்கள் ஆகலாம். பஸ் அடுத்த மாதமே வரலாம். இரண்டையும் கேளுங்கள். போக்குவரத்துக் கழக மனுவில் பஸ் விஷயத்தை மட்டும் தனியாக விரித்து எழுதுங்கள்.

10. இந்த வருஷம் படிக்கிற பிள்ளைக்கு?

மனு போட்டுவிட்டு ஜூன் மாதத்தைத் தவறவிட்டால் பிள்ளைக்கு ஒரு வருஷம் போய்விடும். அதனால் இன்றே செய்ய வேண்டியவை: மதிப்பெண் சான்று, மாற்றுச் சான்றிதழ் வாங்குங்கள். சாதி, வருமானச் சான்று இல்லையென்றால் இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். தூரம் அதிகம் என்றால் ஆதிதிராவிடர் நலம், பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளில் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். பாடப்பிரிவு, சேர்க்கை பற்றிய சந்தேகத்துக்குப் பள்ளிக் கல்வி உதவி எண் 14417. பிளஸ் ஒன் வேண்டாம் என்றாலும் வீட்டில் உட்கார வைக்காதீர்கள். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் வழியாகவும் மேலே போகலாம்.

தலைமையாசிரியர் அந்த அம்மாவிடம் கடைசியாகச் சொன்னது இதுதான்: "பள்ளிக்கூடம் இங்க வர்றது வரட்டும்மா. நாளைக்கு அவங்க அப்பாவைக் கூட்டிட்டு வாங்க. 6.40 பஸ்ல போற அஞ்சு பிள்ளைங்க பேரு எங்கிட்ட இருக்கு. உங்க பொண்ணு ஆறாவது. ஆறு பேரா சேர்ந்து போகட்டும். பஸ் மனுவுல முதல் கையெழுத்து நீங்க போடுங்க."

பயிற்சி: உங்கள் ஊரில் போன வருஷம் பத்து முடித்து எங்கேயும் சேராத பிள்ளைகள் எத்தனை பேர்? இந்தக் கட்டுரையை மூடும் முன் உங்கள் தெருவில் மட்டும் எண்ணிப் பாருங்கள். விடை பூஜ்யம் என்றால் மகிழ்ச்சி. ஒன்று என்றாலும் உங்கள் மனுவின் முதல் வரி தயார்.